மார்கழியில் ஈரப்பாறை

ஆம்பூர்
29 டிசம்பர் 2024

ஜெர்சனுக்கு,

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உன்னோடு மலையேறிய என் மகன் டைட்டஸ், ஈரப்பாறையில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டான். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின. வேலூரில் ஆபரேஷன் செய்து கம்பி வைத்திருக்கிறார்கள். நடந்தது இதுதான். நீ எப்படிச் சொன்னாலும் இதுதான்.

போன் வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் நாம் இருவரும் போட்ட சத்தமே போதும். "அம்மா, இது மீன் மார்க்கெட் இல்ல" என்று நர்ஸ் சொன்னது உனக்கும் கேட்டிருக்கும். எழுத்தில் இருந்தால் நாளைக்கு இரண்டு பேரும் பேச்சு மாற முடியாது.

அக்கா தம்பி என்பதை ஓரமாக வைத்துவிட்டுப் படி. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சாக்கு விரித்து, பேக்டரியில் கழித்துப் போட்ட ஒற்றைச் செருப்புகளுக்கு ஜோடி தேடி விற்றவள் நான். டைட்டஸின் அப்பா போனபோது அவனுக்கு நான்கு வயது. சாக்கு கடையாயிற்று, கடைக்குப் பின்னால் கோடவுன் வந்தது. நீயும் அதே கோடவுனில் பெட்டி தூக்கினாய். பிறகு ஒருநாள், "இந்த நாத்தம் எனக்கு ஒத்துக்கல அக்கா" என்று சொல்லிவிட்டு ஏலகிரிக்குப் போனாய். போ. டவுன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டில் நடப்பது ஒரு பிழைப்பு என்றால், பிழைத்துக்கொள். என் பிள்ளையை எதற்கு இழுத்தாய்?

மேலே போகத் தார் ரோடு இருக்கிறது, பஸ் இருக்கிறது. ஆடு மேய்க்கிறவனே மறந்துபோன பின்பக்கத்துப் பாதையில், அதுவும் மார்கழியில், பாசியும் பனியுமாக இருக்கும்போது, போன் சிக்னல் கூட இல்லாத இடத்துக்கு ஆட்களை ஏற்றுகிறாய். அவனைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு அடிவாரம் வர எவ்வளவு நேரமாயிற்று என்று நீயே சொல். அத்தனை நேரமும் அவன் கத்திக்கொண்டிருந்திருக்கிறான்.

அந்தப் பாதையை மூடச் சொல்லி வனத்துறைக்கு மனு எழுதிவிட்டேன். பொங்கல் வரைக்கும் அது என் மேஜையில் இருக்கும். அதற்குள் நீயாக மூடினால் மனு மேஜையோடு நிற்கும். ஆஸ்பத்திரிக்கு வராதே.

பொன்மலர்

*

ஏலகிரி
2 ஜனவரி 2025

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. வரவேண்டாம் என்றீர்கள், வரவில்லை. ஆனால் அன்றைக்குப் பாதை எப்படி இருந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மனுவில் எழுத உதவும்.

அடிவாரத்துப் புளியமரங்கள் வரை தரை காய்ந்திருந்தது. அதற்குமேல் ஆள் உயரப் புல். இந்த மாதத்தில் ராத்திரிப் பனியெல்லாம் அதில்தான் தொங்கும். முன்னால் போகிறவன் இடுப்புவரை நனைந்துவிடுவான், பின்னால் வருகிறவர்கள் பாதி நனைந்தால் போதும். டைட்டஸ் முன்னால் போனான். நான் சொல்லிப் போகவில்லை, அவன் வழக்கமாகவே அப்படித்தான். கார்த்திகைப் புயல் மழையின் தண்ணீர் ஓடையில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கல்லுக்குக் கல் தாண்டினோம். மூட்டம் அடர்த்தியாக இருந்ததால் கயிறு பிடித்துப் போனோம்.

ஈரப்பாறை மேற்கே பார்த்த சரிவு. மார்கழியில் வெயில் மலை முதுகைச் சுற்றி அங்கே வந்து சேர வெகுநேரம் ஆகும். பாறைக்குக் கீழே உட்கார்ந்து பொரி தின்றுகொண்டு காத்திருந்தோம். சென்னையிலிருந்து வந்தவர் ஒருவர், "இன்னும் எவ்ளோ நேரம் தம்பி?" என்று அவனை நச்சரித்தார். "பாறை இப்ப கருப்பா இருக்குது பாருங்க சார். சாம்பல் கலருக்கு வரட்டும், அப்ப போலாம். அதுக்கு முன்னாடி போனா நான் பொறுப்பு இல்ல" என்றான். பேச்சு அவனுடையது, நான் கற்றுக்கொடுத்தது இல்லை. பாறை சாம்பலான பிறகுதான் எழுந்தோம். நடுப்பகுதி காய்ந்திருந்ததை நான் கைவைத்துப் பார்த்தேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். அந்த இடத்தில் நாங்கள் யாரும் செருப்போ ஷூவோ போடுவதில்லை. கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வெறுங்காலில் கடப்போம். டைட்டஸும் அப்படித்தான். அன்றைக்குக் கழற்றவில்லை. "கழட்டுடா" என்றேன். "இன்னிக்கு வேணாம் மாமா" என்றான். நாலாவது அடியிலேயே வழுக்கிவிட்டான்.

மறுநாள் திரும்ப ஏறினேன். அவன் விழுந்த இடத்தில், பாறை வெடிப்பில் இது மாட்டியிருந்தது. காகிதத்தில் சுற்றி அனுப்பியிருக்கிறேன். குதிகாலிலிருந்து பாதிப் பாதம்வரை வருகிற ஷூவின் அடிப்பாகம், சோல். நகத்தால் கீறிப் பாருங்கள். வேறு எதுவும் நான் சொல்லத் தேவையில்லை.

ஜெர்சன்

*

ஆம்பூர்
6 ஜனவரி 2025

ஜெர்சன்,

பிறந்ததிலிருந்து என்னை நீ, வா, போ என்று பேசினவன். இப்போது 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். மரியாதை கொடுத்து ஆளைத் தள்ளி நிறுத்துகிற வித்தை எனக்குத் தெரியாதா? கடன் திருப்பித் தராதவன்தான் திடீரென்று என்னை 'மேடம்' என்பான்.

நீ அனுப்பிய ரப்பர் துண்டு வந்தது. அது எவன் ஷூவிலிருந்து விழுந்ததோ எனக்குத் தெரியாது. மலையில் குப்பை போடாத டவுன்காரன் உண்டா?

என் மகன் போட்டிருந்தது ஜெர்மனிக்காகத் தைத்த சரக்கு. ஆர்டர் நின்றுபோய் மொத்தமாக வந்த லாட். அதை இறக்கியபோது நீயும்தான் தோள் கொடுத்தாய். எட்டு வருடம் பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்து, இப்போது மலையேறுவது பேஷனாகிவிட்டது என்றுதான் வெளியே எடுத்தேன். எடுக்கும்போது ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன், மோந்து பார்த்தேன், கட்டைவிரலால் அழுத்தினேன். ஒரு சுருக்கம் இல்லை, வெடிப்பு இல்லை. அந்த மாதிரித் தோல் இன்றைக்கு எவனும் பதப்படுத்துவதில்லை. பதினெட்டு வருடம் தோல் பார்த்த கை இது. உன் காட்டுக் கணக்கை என்னிடம் கொண்டுவராதே.

அதோடு, பையனே ஒப்புக்கொண்டான். நேற்று கஞ்சி கொடுக்கும்போது அவனாகவே சொன்னான்: "என் கால்தாம்மா தப்பு பண்ணுச்சு. காஞ்சிருக்குன்னு நெனச்சேன், காயல. எனக்கு மலை சரிப்பட்டு வராது. கடையிலயே இருக்கேன்."

இதை அவன் வாயால் கேட்க நான் எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும். காலை நீட்டி உட்கார வசதியாகக் கல்லாவுக்கு ஒரு நாற்காலி சொல்லிவிட்டேன். உன் பாதையால் எனக்கு வந்த ஒரே நல்லது இது. இதிலும் வந்து கை வைக்காதே.

மனு இன்னும் மேஜையில்தான் இருக்கிறது.

பொன்மலர்

*

ஏலகிரி
14 ஜனவரி 2025

அக்கா,

பொங்கலன்று எழுதுகிறேன். 'நீங்கள்' உனக்குப் பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன். இனிமேல் எழுதுவதற்கு மரியாதை தேவைப்படாது.

நேற்றுக் காலை வேலூரில் ஒரு காலேஜிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். முன்பே சொல்லிவைத்த நடை. அடிவாரத்தில் வேனிலிருந்து இறங்கினார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். பாதிப் பேர் காலில் அதே ஷூ. பழுப்புத் தோல், மஞ்சள் கயிறு, கணுக்காலுக்குமேல் ஏறுகிற அதே லாட்.

கூட்டிவந்த பெண் பெயர் எழிலரசி. வாயாடி. "இதைப் போட்டுக்கிட்டு யாரும் வர முடியாது" என்றேன்.

"இன்னா சார், புது ஷூ சார்! போன மாசம்தான் ஆம்பூர்ல வாங்கினோம். கடைக்காரம்மா அவ்ளோ நல்ல மாதிரி, டீ எல்லாம் வாங்கிக் குடுத்தாங்க."

"சோலை நகத்தால கீறு பாப்பா."

கீறினாள். ஒரு விரலளவு அப்படியே பெயர்ந்து கீழே விழுந்தது. "ஐயோ சார், கேக் மாதிரி உதிருது!" என்று சிரித்தாள். எல்லாப் பிள்ளைகளும் மாறி மாறிக் கீறிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை. மேலே ஓடையில் தண்ணீர் போகிறது, பாறை கருப்பாக நிற்கிறது, மூட்டம் இறங்கிக்கொண்டிருக்கிறது. 

அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி தார் ரோடு வழியாக அனுப்பிவைத்தேன். போகும்போது அந்தப் பெண் சொன்னாள்: "கடை ஸ்டேட்டஸ்ல ஒரு அண்ணன் சின்னப் பாறை மேல நின்னு ஷூ காட்டுவாரு சார், அதப் பார்த்துதான் வாங்கினோம். பெரிய பாறையில ஒரு வீடியோ வருது, அதையும் பாருங்கன்னு அந்தம்மா சொன்னாங்க. வரவேயில்ல."

அன்றைக்கு டைட்டஸ் ஏன் ஷூவைக் கழற்றவில்லை என்று இப்போது எனக்குத் தெரியும். உனக்கு அன்றைக்கே தெரியும். ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் அவன் அதை என்னிடம் சொல்லவில்லை பார்.

விற்ற சரக்கையெல்லாம் திரும்ப வாங்கு. மனுவை நீ கொடு, கொடுக்காமல் போ, எனக்கு ஒன்றுதான். ஆனால் அவனிடம் உண்மையைச் சொல். பாறை காய்ந்திருந்தது, அவன் பார்த்தது சரி, கால் தப்பு பண்ணவில்லை, சோல்தான் விட்டது என்று நீ சொல்ல வேண்டும். நான் சொன்னால் அம்மாவைக் காட்டிக்கொடுத்த மாமா ஆவேன், அவனும் நம்பமாட்டான்.

ஜெர்சன்

*

ஆம்பூர்
20 ஜனவரி 2025

ஜெர்சன்,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

உன் காகிதத்தில் வந்த துண்டை மஹபூப் பாஷா பாயிடம் காட்டினேன். உனக்கு நினைவிருக்கும், பக்கத்துக் கோடவுனில் சோல் ஒட்டுகிற வேலையிலேயே தலை நரைத்தவர். அவர் கையில் வாங்கக்கூட இல்லை. தூரத்தில் வைத்துப் பார்த்தே சொன்னார்:

"இது செத்துப்போச்சும்மா. பஞ்சு மாதிரி ஊத்தின சோல். போட்டு நடந்துட்டே இருந்தா நாலஞ்சு வருஷம் வரும். பெட்டியில வெச்சிருந்தா உள்ளாற காத்துல இருக்கிற ஈரத்தைக் குடிச்சிக் குடிச்சி அதுவா மாவாய்டும். வெளியில பளபளன்னுதான் இருக்கும்."

"தோல் அப்படியே இருக்குதே பாய்."

"தோலுக்கு இன்னா, அது நம்மளவிட ஜாஸ்தி நாள் இருக்கும். நீ தோலைப் பார்த்தே. மலையில தோலா நடக்குது?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.  இந்த ஊரில் யாரிடம் ஒரு ஷூவைக் கொடுத்தாலும் முதலில் மேலேதான் தடவுவான். எனக்கும் அதே பழக்கம்.

வாங்கினவர்களுக்கெல்லாம் போன் போட்டுவிட்டேன். பணம் வாபஸ். எழிலரசி என்ற பெண் நேரிலேயே வந்தாள், இந்த முறையும் டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை. மீதிச் சரக்கில் தோலை மட்டும் அறுத்தெடுத்து மணிபர்ஸ் தைக்கிறவனுக்குத் தள்ளிவிட்டேன். நல்ல தோலைக் குப்பையில் போட என் கை வராது.

வீடியோ நான்தான் கேட்டேன். "பெரிய பாறை மேல ஷூ நல்லாத் தெரியற மாதிரி நடந்து எடுத்து அனுப்புடா. வெறுங்கால்ல நின்னு தொலைக்காத, ஷூ விக்கிறவ புள்ள நீ" என்றேன். போதுமா?

இப்போது பேச்சுக்கு வருகிறேன். மனுவைக் கிழித்துவிடுகிறேன். உன் பாதை உனக்கு. மாரிக்காலத்திலும் நட, மார்கழியிலும் நட, நான் கேட்கவில்லை. பதிலுக்கு நீ வாயை மூடு. பையனிடம் சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை. அவன் கடைக்கு வருகிறேன் என்கிறான். வழுக்கி விழுந்தேன் என்று நினைத்துக்கொண்டு ஒருவன் உயிரோடு இருப்பதில் என்ன நஷ்டம்? காலம் பூராவும் அவன் அந்தப் பாறையில் ஏறமாட்டான். எனக்கு அது போதும்.

நல்ல பேரம். யோசித்து எழுது.

பொன்மலர்

*

ஏலகிரி
24 ஜனவரி 2025

அக்கா,

யோசிக்க ஒன்றும் இல்லை. ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நேற்று டைட்டஸ் போன் செய்தான். உன் போன் இல்லை, பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவர் போன். "மாமா, என் கயிறு, தலையில மாட்ற லைட்டு, ரெயின் கோட்டு எல்லாத்தையும் யாருக்காவது குடுத்துடு. எனக்குப் பாறை பார்க்கத் தெரியல மாமா. அன்னிக்கு என் பின்னாடி அந்தச் சென்னைக்காரர் வந்திருந்தா அவரையும் சேர்த்துத் தள்ளியிருப்பேன்" என்றான்.

அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கடையைக் காலி செய்கிறவன் மாதிரி, எது எது யாருக்கு என்று வரிசையாகச் சொன்னான்.

அவனுக்குப் பாறை பார்க்கத் தெரியும். எங்கள் யாரையும்விட நன்றாகத் தெரியும். நீ தோல் பார்க்கிற மாதிரி அவன் பாறை பார்ப்பான், ஆனால் அவன் அன்றைக்குத் தப்பாகப் பார்க்கவில்லை. அந்த ஒரு விஷயத்தை அவனிடமிருந்து எடுத்து உன் கல்லாவுக்குப் பின்னால் வைத்துப் பூட்டப் பார்க்கிறாய். நாற்காலியில் உட்காருவான். உட்கார்ந்தே இருப்பான். அதைத்தான் நீ வாங்குகிறாய்.

அவன் கயிறு இங்கே ஆணியில் மாட்டியிருக்கிறது. யாருக்கும் கொடுக்கவில்லை.

மனுவைக் கொடுத்துவிடு.

ஜெர்சன்

*

ஆம்பூர்
12 பிப்ரவரி 2025

ஜெர்சன்,

டைட்டஸ் வீட்டுக்கு வந்துவிட்டான். அவனிடம் சொல்லிவிட்டேன்.

விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியில் அவன் ஷூவைக் கத்திரித்து எடுத்து ஒரு கேரிபேக்கில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். வராந்தாவில் உன்னோடு சண்டை போட்டபோது அது என் கையில்தான் இருந்தது. நான் பிரித்துப் பார்த்தேன். மேல்தோலில் கத்தரி பட்ட இடம் தவிர ஒரு கீறல் இல்லை. அதோடு மூடிவிட்டேன். திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தெரியாமல் இல்லை. இதை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்வந்து, அந்தப் பையை அவன் கட்டில்மேல் வைத்து, அவன் கண் எதிரிலேயே ஷூவைத் திருப்பினேன். பாதி சோல் இல்லை. மீதிப் பாதியை அவன் நகத்தால் கீறினான். போர்வை முழுக்க மாவாக உதிர்ந்தது. வெகுநேரம் கீறிக்கொண்டே இருந்தான்.

"அப்போ பாறை காஞ்சிதான் இருந்துதா?" என்றான்.

"காஞ்சிதான் இருந்துதாம். உன் மாமன் கைவெச்சுப் பார்த்திருக்கான்."

"நான் பார்த்தது சரியா?"

"சரிடா."

அதற்குப் பிறகு என்னைத் திட்டுவான் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகத்தான் போயிருந்தேன், பதிலும் வைத்திருந்தேன். அவன் திட்டவில்லை. படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். போர்வையில் விழுந்ததை நான் கையால் கூட்டி அள்ளினேன்.  சாயங்காலம் காபி கொண்டுபோனபோது, "உனக்கு இன்னா வேணும்னு சொல்லுடா, செஞ்சிட்றேன்" என்றேன். இந்த மாதிரி முதலில் வாய் திறந்து யாரிடமும் நான் கேட்டதில்லை. கேட்கிறவன் தோற்றான் என்பதுதான் என் தொழில்.

அவன் யோசித்து வைத்திருந்தான். என் பிள்ளைதானே.

அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீயும் இதற்குக் கட்டுப்பட்டவன். மனுவைக் கிழிக்கச் சொன்னான், அவன் எதிரிலேயே கிழித்தேன். கார்த்திகை பிறந்தால் தை முடியும்வரை, பாறை சாம்பல் நிறத்துக்கு வராமல் நீ யாரையும் ஏற்றக் கூடாது, வருகிறவன் எவ்வளவு காசு கொடுத்தாலும் சரி. அடிவாரத்தில் ஒவ்வொருவர் சோலையும் கீறிப் பார்த்துவிட்டுத்தான் விட வேண்டும். டாக்டர் ஊன்றுகோலைக் கீழே வைக்கச் சொன்ன மறுநாள் அவன் உன்னிடம் வருவான். ஞாயிறு மட்டும் கீழே வருவான், கோயிலுக்கு. கடைக்கு இல்லை. கல்லாவுக்குச் சொன்ன நாற்காலியை வேண்டாம் என்று திருப்பிவிட்டேன், முன்பணம் போயிற்று.

நீயும் நானும் பேசிக்கொள்வது இதில் சேர்த்தி இல்லை. அதை அவன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இனிமேல் என் கடைச் சரக்கு அவன் காலில் ஏறாதாம். மலைக்குப் புது ஷூ வேலூரில் ஏதாவது ஒரு கடையில் அவனே போய் எடுப்பான். நான் கூடப் போகக் கூடாது, தோலை வளைத்துப் பார்க்கக் கூடாது. பில்லை மட்டும் நான் கொடுக்க வேண்டும். பெட்டிமேல் அச்சடித்த விலை எதுவோ அது. ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கக் கூடாது என்றான்.

சரி என்றேன்.

பொன்மலர்